மழலையர் வகுப்பறையில் தமிழ்: ஆய்வுகள் விட்ட இடைவெளி

ஆய்வுச்சுருக்கம்

தமிழ்நாட்டில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கல்வி பற்றிய ஆய்வுகள் இரு திசைகளில் நடந்து வருகின்றன. சமூக அறிவியலார் உணவு, கற்பித்தல் நேரம், தேர்வு அடைவு ஆகியவற்றை அளக்கின்றனர். தமிழியல் ஆய்வாளர்கள் குழந்தை இலக்கியப் பனுவல்களை வகைப்படுத்துகின்றனர். பேச்சுத்தமிழோடு மையத்துக்கு வரும் நான்கு வயதுக் குழந்தை எழுத்துத்தமிழுக்குள் எவ்வாறு நுழைகிறது என்னும் வினா இரண்டுக்கும் இடையே விடுபட்டுள்ளது. அதனால் வகுப்பறை அரிச்சுவடி வரிசையையும் பார்த்தெழுதலையும் மட்டுமே நம்பி நிற்கிறது. இவ்விடைவெளியின் தன்மையையும் விளைவையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: முன்பருவக் கல்வி, அங்கன்வாடி, அரிச்சுவடி, இரட்டை வழக்கு, எழுத்தறிவு, மாண்டிசோரி

முன்னுரை

2019 சனவரியில் தமிழ்நாட்டு அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. உபரியாகக் கணக்கிடப்பட்ட இடைநிலை ஆசிரியர்கள் அங்கு அனுப்பப்பட்டனர். அது பதவியிறக்கம் என்று கருதிய ஆசிரியர்கள் நீதிமன்றத்தை நாடினர். 2022இல் அவ்வகுப்புகள் மீண்டும் அங்கன்வாடிப் பொறுப்பில் விடப்படும் என்ற செய்தி வந்தது. எதிர்ப்பு எழுந்தபின், தற்காலிக ஆசிரியர்களைக் கொண்டு பள்ளிகளிலேயே தொடரும் என்று அம்முடிவு மாறியது. இந்த ஆண்டுகளில் பணியிடம், ஊதியம், எந்தத் துறை பொறுப்பேற்பது, ஆங்கிலவழி வேண்டுமா என்பவை பற்றி விரிவாகப் பேசப்பட்டது. அவ்வகுப்புகளில் எந்தத் தமிழ் பேசப்பட வேண்டும், முதலில் அறிமுகமாக வேண்டிய எழுத்து எது, நான்கு வயதில் எழுதத்தான் வேண்டுமா என்பவை பொதுவிவாதத்தில் ஏறக்குறைய இடம்பெறவே இல்லை. அவற்றை எழுப்பியிருக்க வேண்டியவர்கள் நிருவாகிகள் அல்லர். தமிழும் கல்வியியலும் பயிற்றுவிக்கும் துறையினர். அவர்களிடம் அவ்வினாவுக்கான ஆய்வுத்தரவு கையில் இருந்ததா என்பதே இங்குக் கேட்கப்படுவது.

உணவு முந்திய வரலாறு

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதிலும் 33 வட்டாரங்களில் சோதனை முறையில் தொடங்கியது. அதற்கு முன்பே, மத்தியக் கல்வி ஆலோசனைக் குழு அமைத்த ஆய்வுக்குழு ஒன்று மீனா சுவாமிநாதன் தலைமையில் 1972இல் தன் அறிக்கையை அளித்திருந்தது. பள்ளிக்கு முற்பட்ட குழந்தையின் உடல்நலம், ஊட்டம், கல்வி மூன்றையும் ஒருங்கே காண வேண்டும் என்ற பார்வை அவ்வறிக்கையில் தெளிவாக இருந்தது. திட்டத்தின் ஆறு பணிகளுள் முன்பருவக் கல்வியும் ஒன்றாக இடம்பெற்றது.

தமிழ்நாட்டில் முன்னுரிமை பெற்றது ஊட்டமே. 1980இல் உலக வங்கி உதவியுடன் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளின் எடையைத் தொடர்ந்து கண்காணித்தது. 1982 சூலை 1 முதல் முதலமைச்சர் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் முன்பருவக் குழந்தைகளையும் உள்ளடக்கியது. பசி முன் நிற்கையில் வேறு முன்னுரிமை இருந்திருக்க முடியாது. இதில் குறைகூற ஒன்றுமில்லை. எனினும் இவ்வரலாறு ஒரு பழக்கத்தை விட்டுச் சென்றது. எடைக்கு அட்டை உண்டு, வளர்ச்சிக் கோடு உண்டு, மாதாந்தரப் பதிவு உண்டு. குழந்தையின் பேச்சுக்கு அப்படியொரு பதிவு உருவாகவில்லை. ‘பாலர் தோட்டம்’ என்று பொருள்படும் ‘பால்வாடி’ என்னும் வடசொல் தமிழ்ச்செவிக்குப் பால் தரும் இடமென்றே கேட்பது தற்செயல்தான். ஆயினும் அம்மையங்களைப் பற்றிய பொதுக்கருத்தை அது பிழையின்றிச் சொல்லிவிடுகிறது.

இன்று மாநிலத்தில் 54,439 அங்கன்வாடி மையங்கள் உள்ளன. மாதத்துக்கொரு கருப்பொருள் என அமைந்த ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்னும் கலைத்திட்டம் அவற்றுக்கென உருவாக்கப்பட்டுள்ளது. பாடல், கதை, பொம்மலாட்டம், வரிசைப்படுத்தல் என அதன் பெரும்பகுதி குழந்தைக்கு இயல்பானது. கலைத்திட்டத்தைவிட அது நடைமுறையாகும் விதமே சிக்கலானது. ஒரே பணியாளர் பதிவேடு எழுத வேண்டும், வீடுகளுக்குச் செல்ல வேண்டும், தடுப்பூசி நாளை நடத்த வேண்டும், உணவைக் கவனிக்க வேண்டும். எஞ்சிய நேரத்தில் கற்பிக்க வேண்டும்.

அளவைகள் காட்டுவதும் காட்டாததும்

இந்தக் கடைசிச் சிக்கலை முறையாகச் சோதித்த ஆய்வு ஒன்று தமிழ்நாட்டிலேயே நடந்தது. அலெகாந்த்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகிய மூவரும் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு, சமவாய்ப்பு முறையில் பாதி மையங்களுக்கு முன்பருவக் கல்விக்கென அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாக அமர்த்தி விளைவைக் கண்டனர். கற்பித்தல் நேரம் இரு மடங்கானது. பதினெட்டு மாதங்களுக்குப்பின், மையத்தில் தொடர்ந்த குழந்தைகளின் அடைவு கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்ட விலக்க அளவு உயர்ந்தது. வளர்ச்சி குன்றுதலும் கடும் ஊட்டக்குறையும் குறைந்தன. மையத்தில் ஆள் பற்றாக்குறை என்று பணியாளர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தது எண்ணாக நிறுவப்பட்டது.

இவ்வாய்வை மதிக்கும்போதே அதன் எல்லையையும் காண வேண்டும். கணக்கைவிட மொழியில் முன்னேற்றம் மிகுதி என்பது அதன் முதன்மையான கண்டறிதல்களுள் ஒன்று. மொழி என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்குள் எழுத்தைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டுதலும் கேட்டுப் புரிந்துகொள்ளுதலும் சொல்வளமும் தனித்தனியாக எவ்வாறு அசைந்தன, வீட்டுப்பேச்சு வகுப்புப்பேச்சாக எங்கே திரும்பியது என்பவை ஆய்வின் வினாக்கள் அல்ல. அது அரசின் செயல்திறனைப் பற்றிய பொருளாதார ஆய்வு. தன் வினாவுக்கு அது நேர்மையாக விடையளித்தது. தமிழைப் பற்றிய வினாவைப் பொருளியலார் கேட்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. தமிழ்நாட்டுக் குழந்தைகளின் தமிழ் குறித்து இத்தனை பெரிய தரவு கிடைத்தபின், அதை எடுத்து வைத்து அடுத்த வினாவைக் கேட்கும் கட்டுரைகள் தமிழில் ஏன் மிகுதியாகத் தோன்றவில்லை என்றுதான் கேட்க வேண்டும்.

தமிழில் எழுதப்படும் கல்வியியல் கட்டுரைகளின் நிலை வேறு. அவற்றின் முன்னுரையில் பியாஜேயும் வைகாட்ஸ்கியும் வருவர். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1960களில் 123 குழந்தைகளைக் கொண்டு நடந்த பெர்ரி முன்பள்ளி ஆய்வு வரும். அதைக் கொண்டு ஜேம்ஸ் ஹெக்மன் கணக்கிட்ட பொருளாதாரப் பயனும் வரும். பின்னர் ஆசிரியர்களிடம் வினாநிரல் அளிக்கப்படும். பாலினம், வாழிடம், பணி அனுபவம் ஆகியவற்றின்படி அவர்களின் மனப்பான்மையில் ‘குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை’ என்று முடியும். குழந்தை அந்த ஆய்வில் எங்கும் வாய் திறப்பதில்லை. இவ்வடிவம் பட்டத்துக்குப் போதுமானது, விரைவில் முடிவது, நெறியாளருக்கும் தேர்வாளருக்கும் பழகியது. ஒரு மையத்தில் நாற்பது நாள் அமர்ந்து, குழந்தைகளின் பேச்சைப் பதிந்து, எழுத்துப்பெயர்ப்புச் செய்வதற்கு அதைவிடப் பலமடங்கு உழைப்பு வேண்டும். அவ்வுழைப்புக்கு இன்றைய மதிப்பீட்டு முறையில் தனிமதிப்பு எதுவும் கிடையாது.

தமிழியல் ஆய்வின் பக்கம்

தமிழ்த்துறைகளில் குழந்தை பற்றிய ஆய்வு குறைவன்று. அழ. வள்ளியப்பாவின் பாடல்கள், கவிமணியின் பாடல்கள், 1950இல் தோன்றிய குழந்தை எழுத்தாளர் சங்கத்தைச் சார்ந்தோரின் கதைகள் ஆகியவை பலமுறை ஆராயப்பட்டுள்ளன. பொருண்மை, உத்தி, அறநெறி, நாட்டுப்பற்று எனத் தலைப்புகள் பிரிக்கப்பட்டு, சான்றுகள் வரிசையாகத் தரப்படுகின்றன. இவை குழந்தைக்காகப் பெரியவர் எழுதியதைப் பற்றிய ஆய்வுகள். அதே பாடலைப் பாடும் குழந்தை எந்த அடியை மறக்கிறது, எந்தச் சொல்லைத் தன் சொல்லாக மாற்றிக்கொள்கிறது, எதுகை அதன் நினைவுக்கு எவ்வாறு உதவுகிறது என்று கேட்டிருந்தால், தமிழ் யாப்பறிவு நேரே வகுப்பறைக்குப் பயன்பட்டிருக்கும். எதுகையும் மோனையும் ஒலியுணர்வுக்கான பயிற்சிகள் என்பதைக் காட்டத் தமிழ்ப்புலமையைவிடச் சிறந்த கருவி வேறில்லை.

இன்னொரு போக்கு, பிள்ளைத்தமிழில் வளர்ச்சி உளவியலைக் காண்பது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி எனத் தொடரும் பருவங்கள் குழந்தையின் உடலியக்க வளர்ச்சிப் படிகளோடு ஒப்பிடப்பட்டு, மேலைநாட்டார் இருபதாம் நூற்றாண்டில் கண்டதைத் தமிழர் முன்பே கண்டனர் என்று நிறுவப்படுகிறது. தலையை நிமிர்த்தி அசைவதும் கைகொட்டுவதும் நுட்பமாகக் கவனிக்கப்பட்டவைதாம், அதில் ஐயமில்லை. ஆனால் பாட்டியல் நூல்கள் இப்பருவங்களை 3, 5, 7, 9 என ஒற்றைப்படை மாதங்களில் ஒழுங்காக வைத்துச் செல்வது (நூலுக்கு நூல் சிறு வேறுபாடுகள் உண்டு) இலக்கிய மரபின் ஒழுங்கே ஆகும். எந்தக் குழந்தையும் அவ்வளவு ஒழுங்காக வளர்வதில்லை. பாடப்படும் தலைவன் பெரும்பாலும் கடவுளோ அரசனோ குருவோ ஆவான். இவ்வொப்பீட்டால் பிள்ளைத்தமிழின் கவித்துவமும் விளங்குவதில்லை, குழந்தையும் விளங்குவதில்லை. இதே முயற்சியைத் திண்ணைப்பள்ளியின் மீது செலுத்தியிருந்தால் பயன் இருந்திருக்கும். மணலில் விரலால் எழுதிப் பழகும் முறையையும், மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிக்கும் முறையையும் 1790களில் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல், அதைக் கொண்டு உருவாக்கிய கல்விமுறையை 1797இல் நூலாக வெளியிட்டார். அது இங்கிலாந்து சென்றது. திண்ணைப்பள்ளியில் மனப்பாடம் ஒரு கற்றல்முறையாக இயங்கிய விதத்தைத் தி. செந்தில் பாபுவின் கணித வரலாற்று ஆய்வு சுவடிகளைக் கொண்டு விளக்கியுள்ளது. எண்சுவடிக்குக் கிடைத்த அந்தக் கவனம் அரிச்சுவடிக்குக் கிடைக்கவில்லை.

அரிச்சுவடியும் குழந்தையும்

அங்கன்வாடியோ தனியார் மழலையர் பள்ளியோ, சுவரில் தொங்கும் அட்டை பெரும்பாலும் ஒன்றுதான்: அணில் அல்லது அம்மா, ஆடு, இலை, ஈ, உரல், ஊஞ்சல், எலி, ஏணி, ஐவர், ஒட்டகம், ஓடம், ஔவையார், எஃகு. உரல் இன்று பல வீடுகளில் இல்லை. ஔகாரத்தில் தொடங்கும் சொல் குழந்தையின் வழக்கில் இல்லை. ‘எஃகு’ ஆய்த எழுத்தில் தொடங்குவதே இல்லை. இவை எளிதில் கண்ணுக்குப் படும் குறைகள்; ஆசிரியப்பயிற்சி வகுப்புகளில் நகைச்சுவையாகவும் சொல்லப்படுவன. இவற்றினும் ஆழமான குறை ஒன்று உண்டு.

பேச்சுத்தமிழில் முதல் அசையின் இகரமும் உகரமும், அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது, பெரும்பான்மை வழக்குகளில் எகரமாகவும் ஒகரமாகவும் ஒலிக்கின்றன. இலை ‘எல’ ஆகிறது. இடம் ‘எடம்’ ஆகிறது. உலகம் ‘ஒலகம்’, குடம் ‘கொடம்’, உரல் ‘ஒரல்’ ஆகின்றன. இ/எ, உ/ஒ மாற்றம் தென்திராவிட மொழிகளின் ஒலி வரலாற்றில் நன்கு அறியப்பட்டது; மொழியியல் மாணவர் முதலாண்டிலேயே படிப்பது. அவ்வாறாயின் இகரத்துக்குச் சான்றாக வைக்கப்பட்ட இலையும் உகரத்துக்குச் சான்றாக வைக்கப்பட்ட உரலும் குழந்தையின் வாயில் எகரத்திலும் ஒகரத்திலும் தொடங்கும் சொற்கள். படத்தைப் பார்த்து ‘எல’ என்று சரியாகச் சொல்லும் குழந்தையிடம், இதுதான் ‘இ’ என்று சொல்லப்படுகிறது. அதே அட்டையில் எகரத்துக்கு எலி இருக்கிறது. கூர்ந்த செவியுள்ள குழந்தைக்கு எலியும் இலையும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. அது குழம்பினால், எழுத்து நினைவில் நிற்கவில்லை என்று குறித்துக்கொள்ளப்படும். இட்லி, இஞ்சி, உப்பு ஆகியவற்றில் இம்மாற்றம் நிகழ்வதில்லை. அட்டையைத் திருத்தப் பெரும்பொருள் வேண்டியதில்லை. இது திருத்தப்பட வேண்டியது என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

வரிசையின் சிக்கல் அடுத்தது. உயிர்கள் பன்னிரண்டு, பின் மெய்கள், பின் உயிர்மெய்கள் என்ற அடுக்கு இலக்கண ஆசிரியனின் பகுப்பாய்வு. ஒலிப்பிடம் நோக்கி மெய்களை இணையிணையாக அமைத்த அந்த அறிவு வியக்கத்தக்கது. ஆனால் எழுதப்பட்ட தமிழில் உயிரெழுத்து தன் தனிவடிவில் ஏறக்குறைய சொல்முதலில் மட்டுமே வருகிறது. மற்ற இடங்களிலெல்லாம் அது குறியாகவே மெய்யோடு சேர்கிறது. எனவே பன்னிரண்டு உயிர்களையும் வாரக்கணக்கில் எழுதிப் பழகிய குழந்தையால் அவற்றைக் கொண்டு ‘ஈ’ ஒழிய வேறு சொல் எதையும் படிக்க இயலாது. ட, ப, ம, ர, க, ல என்னும் ஆறு எழுத்தும் புள்ளி ஒன்றும் தெரிந்த குழந்தையோ படம், மரம், பட்டம், பல், கல், கடல், பகல், மலர் அனைத்தையும் படித்துவிடும். தொடக்கப்பள்ளி நிலையில் இத்தகைய மாற்றுவரிசைகள் முயலப்பட்டதுண்டு. அதற்கு முந்தைய வகுப்பில் பழைய வரிசையே தொடர்வதால், முதல் வகுப்புக்கு வரும் குழந்தை ஏற்கெனவே ஒருமுறை தோற்றுவிட்டு வருகிறது. ஙகர உயிர்மெய்கள் பன்னிரண்டில் ‘அங்ஙனம்’ முதலிய ஓரிரு சொற்களில் வரும் ஒன்று தவிர மற்றவை வழக்கில் இல்லை. குறிப்பேடுகளில் அவை முழு வரிசையாக இன்றும் எழுதப்படுகின்றன.

எழுத்து வடிவத்தைப் பற்றித் தமிழறிஞர் விவாதிக்காமல் இல்லை. 1935 முதல் பெரியார் ‘குடி அரசு’ இதழில் கையாண்ட சீர்திருத்தத்தை 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்றது. ணை, லை, ளை, னை முதலியவை இன்றைய வடிவம் பெற்றன. பின்னர் வா.செ. குழந்தைசாமி உகர, ஊகாரக் குறிகளையும் சீராக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். கு, சு, து மூன்றிலும் உகரம் ஒன்று, வடிவம் மூன்று என்பது உண்மைதான். அவ்விவாதத்தில் குழந்தையின் சுமை திரும்பத் திரும்பக் கூறப்பட்டது. எதிர்த்தோரும் குழந்தைகள் தலைமுறைகளாக இதைக் கற்றே வந்துள்ளனர் என்றனர். எந்த வடிவத்தைக் கற்க எத்தனை நாளாகிறது, எவை ஒன்றோடொன்று மயங்குகின்றன, எந்த வயதில் மயக்கம் தீர்கிறது என்ற தரவை எத்தரப்பும் அடிப்படையாக வைக்கவில்லை. இரு தரப்புக்கும் குழந்தை வாதமாகப் பயன்பட்டது, சான்றாகப் பயன்படவில்லை.

அண்டை மொழியில் அத்தகைய தரவு உண்டு. கன்னட எழுத்தறிவு குறித்துச் சோனாலி நாக் 2007இல் வெளியிட்ட ஆய்வு, எழுத்துகள் முழுவதையும் குழந்தைகள் கைக்கொள்ள நான்காம் வகுப்பும் அதற்கு மேலும் ஆகிறது என்றும், அசையுணர்வு முதலிலும் ஒலியன் உணர்வு மெதுவாகவும் வளர்கின்றன என்றும் காட்டியது. கன்னடத்தில் கூட்டெழுத்துகள் மிகுதி. தமிழில் புள்ளி அச்சுமையைக் குறைத்துவிடுகிறது. ஆகவே அம்முடிவை அப்படியே தமிழுக்குப் பெயர்த்தல் தவறு. தமிழ் எழுத்துமுறை பிற இந்திய எழுத்துமுறைகளைவிட ஒலியன் முறைக்கு அணுக்கமானது என்று பிரகாஷ் படகண்ணயாவும் அவரோடு இணைந்தோரும் எழுதியுள்ளனர். இவை உளவியலாரின் ஆங்கிலக் கட்டுரைகள். தமிழ்த்துறை ஆய்வேடுகளில் இவற்றை மேற்கோளாகக் காண்பது அரிது.

மாண்டிசோரியின் பெயரைத் தாங்கிய பள்ளிகள் தமிழ்நாட்டில் எண்ணிறந்தவை. அதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் அடையாற்றுக்கு வந்தார். போரால் திரும்ப இயலாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கினார். கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். அவருடைய புகழ்பெற்ற நூலான ‘ஈர்க்கும் மனம்’ 1949இல் அடையாற்றிலிருந்துதான் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அவர் வகுத்த எழுத்துக்கல்வி, உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்தை விரலால் தடவி அதன் ஒலியைச் சொல்லுதலில் தொடங்கி, தனி எழுத்துகளை எடுத்து அடுக்கிச் சொல் அமைத்தலுக்குச் செல்வது. தடவும் பகுதி மணலெழுத்து மரபுக்கு அயலானதன்று. அடுக்கும் பகுதி இத்தாலிய எழுத்துக்கு அமைந்தது. ஒலிக்கும் முறையிலேயே எழுத்துகள் இடமிருந்து வலமாக நிற்கும் மொழி அது. தமிழில் ‘கொ’ என்னும் அசையில் உயிரொலி பின்னே கேட்கிறது, குறி மெய்யின் இருபுறமும் நிற்கிறது. ‘கெ’, ‘கை’ ஆகியவற்றில் பின்னே கேட்கும் ஒலி முன்னே எழுதப்படுகிறது. ஓர் எழுத்துக்கு ஓர் ஒலி என்ற கொள்கையும் இங்கு முழுமையாகப் பொருந்தாது. கல், அகம், தங்கம் மூன்றிலும் ககரம் ஒன்றே. இம்மாற்றொலிகள் இடம் நோக்கித் தாமே அமைவதால் தமிழ் பேசும் குழந்தைக்கு இடர் இல்லை; ஆனால் பந்து, பஸ் இரண்டும் ஒரே எழுத்தில் தொடங்குவது அதற்குப் புதிராகலாம். பிஸ்கட், டாக்டர், கேட் போன்றவை நான்கு வயதுக் குழந்தையின் அன்றாடச் சொற்கள். பாடநூலிலிருந்து அவற்றை நீக்கிவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று கருதுவது குழந்தை எங்கே வாழ்கிறது என்பதை மறப்பதாகும். ஆங்கிலத்திலிருந்து இன்று விரைந்து பரவும் ஒலிமுறைக் கற்பித்தலுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். மாண்டிசோரி வந்து எண்பது ஆண்டுகள் கடந்தபின்னும் அவர் முறையைத் தமிழ் எழுத்தின் இயல்பு கொண்டு மறுஆய்வு செய்யும் நூல் தமிழ்க் கல்வியியலின் பொதுப்புழக்கத்தில் இல்லாதது வியப்பே.

பேச்சு என்னும் மூலதனம்

இரட்டை வழக்கு குறித்துச் சார்லஸ் பெர்குசன் 1959இல் எழுதியது முதல் தமிழ் அதற்கு முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாக விவாதிக்கப்பட்டு வருகிறது. பிரான்சிஸ் பிரிட்டோவின் 1986ஆம் ஆண்டு நூல் தமிழை மையமாகக் கொண்டே அக்கோட்பாட்டைச் சோதித்தது. அவ்விவாதம் பெரும்பாலும் மேடை, இதழ், திரைப்படம் என வளர்ந்தோரின் உலகிலேயே நின்றது. தாய்மொழியில் தொடக்கக் கல்வி என்ற கோரிக்கை தமிழ்நாட்டில் வலுவாக எழுப்பப்படுவது. மூன்று முதல் எட்டு வயது வரையிலான நிலைக்கென 2022இல் வெளிவந்த தேசியக் கலைத்திட்ட வரைவும் வீட்டுமொழியையே வலியுறுத்துகிறது. தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை என்பது வேறு செய்தி. இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் இந்த ஓர் இடத்தில்கூடத் தாய்மொழி என்பது ‘மரத்துல இருக்கு’ என்பதா, ‘மரத்தில் இருக்கிறது’ என்பதா என்று தெளிவாக்கப்படவில்லை. இந்தியா முழுமைக்கும் எழுதப்படும் ஆவணம் அதைத் தீர்க்க முடியாது. தீர்க்கக்கூடிய இடம் தமிழ்த்துறை.

குழந்தை வெறுங்கையோடு வருவதில்லை. கணினி அறிவியலாளர் ரங்கசாமி நரசிம்மனும் ஆர். வைத்தியநாதனும் ஒரு தமிழ்க் குழந்தையின் பேச்சை ஒன்பதாம் மாதம் முதல் முப்பத்து மூன்றாம் மாதம் வரை பதிந்தனர். அப்பதிவு இன்று உலக ஆய்வாளர் பயன்படுத்தும் குழந்தைமொழித் தரவகத்தில் உள்ளது. இரண்டு வயதையொட்டிய குழந்தைகளைக் கொண்டு ராகவேந்திராவும் லியோனார்டும் 1989இல் வெளியிட்ட ஆய்வு, தமிழ் போன்ற ஒட்டுநிலை மொழியில் விகுதிகளும் வேற்றுமை உருபுகளும் மிக முன்னதாகவே, பிழை குறைந்து கைவருகின்றன என்று காட்டியது. நான்கு வயதில் மையத்துக்கு வரும் குழந்தை எச்சமும் வேற்றுமையும் எதிர்மறையும் தன் பேச்சில் தடையின்றிக் கையாள்கிறது. ‘வந்துட்டான்’ என்று சொல்லும் குழந்தைக்கு ‘வந்துவிட்டான்’ என்பது புதிய இலக்கணமன்று, அதே இலக்கணத்தின் விரிந்த ஒலிவடிவம். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒழுங்கான தொடர்பைக் கேட்டுப் பழகும்படி கதை சொல்வதும், குழந்தை சொன்ன தொடரை ஆசிரியர் எழுதிக் காட்டிப் படிப்பதும் எழுத்தறிவின் முதற்படியாக அமையலாம். இன்றைய நடைமுறையில் இப்பேச்சு பெரும்பாலும் திருத்தப்பட வேண்டிய கொச்சையாகவே கொள்ளப்படுகிறது. குழந்தை அமைதியாவதும் பார்த்தெழுதத் தொடங்குவதும் ஒரே காலத்தில் நிகழ்கின்றன. குறிப்பேடு நிறைந்திருந்தால் பெற்றோர் நிறைவடைவர் என்பது மையப் பணியாளர்களுக்குத் தெரியும். அருகிலுள்ள தனியார் பள்ளி நாள்தோறும் வீட்டுப்பாடம் தருவதும் தெரியும். நர்சரிச் சேர்க்கைக்கான தேர்வுகளையும் நேர்காணல்களையும் ஒழிக்க வேண்டும் என்று யஷ்பால் குழு 1993இல் பரிந்துரைத்தும் அப்போட்டியின் அழுத்தம் குறையவில்லை. இச்சூழலில் எழுதவைப்பதை நிறுத்துங்கள் என்று பணியாளரிடம் மட்டும் சொல்வது பொறுப்பை இடம் மாற்றுவதே. எழுத்தின்றியும் மொழி வளர்ந்துள்ளது என்று பெற்றோரிடம் காட்ட அவருக்கு ஏதேனும் சான்று வேண்டும். அதை உருவாக்கித் தருவது ஆய்வாளரின் வேலை.

செய்யத்தக்கது

மீனா சுவாமிநாதன் 1998இல் பதிப்பித்த, குழந்தையின் முதல் ஐந்தாண்டுகள் பற்றிய திறனாய்வுத் தொகுப்பு, இந்திய முன்பருவக் கல்வியைப் பல துறையினர் கூடிப் பார்க்க வேண்டும் என்பதை நடைமுறையில் செய்து காட்டியது. தமிழ் எழுத்தறிவுக்கு அத்தகைய கூட்டு இன்னும் அமையவில்லை. அதற்கு முதலில் வேண்டியது சிறு அளவிலான, ஒருவர் ஓராண்டில் முடிக்கக்கூடிய ஆய்வுகள். ஒரு மையத்தின் குழந்தைகள் விளையாட்டு நேரத்தில் பேசுவதைப் பதிந்து, அவர்கள் உண்மையில் வழங்கும் சொற்களைத் தொகுத்து, அவற்றுள் எவை எந்த எழுத்தில் தொடங்குகின்றன என்று பட்டியலிடுவது ஒரு முதுகலை மாணவரால் இயலும். இலையும் உரலும் உள்ள அட்டை ஒரு மையத்திலும், இட்லியும் உப்பும் உள்ள அட்டை மற்றொன்றிலும் இருக்க, சில மாதங்களுக்குப்பின் இகர உகரங்களைக் குழந்தைகள் எவ்வாறு கேட்டுப் பிரிக்கின்றனர் என்று பார்ப்பதும் இயலும். பெற்றோரின் இசைவும் துறையின் அனுமதியும் பெறுவதே இவற்றில் கடினமான பகுதி.

இவற்றிலும் ஒரு சிக்கல் காத்திருக்கிறது. மேலே சொன்ன இகர உகரத் திரிபு எல்லா வட்டாரத்திலும் ஒரே அளவில் நிகழ்வதில்லை; சமூகத்துக்குச் சமூகமும், படித்த குடும்பத்துக்கும் பிறவற்றுக்கும் இடையிலும் அது வேறுபடும். தெலுங்கோ உருதுவோ பழங்குடி மொழியோ பேசும் வீட்டுக் குழந்தைக்கு அது வேறொரு வினா. 54,439 மையங்களுக்கும் ஒரே அட்டையை அச்சிடும் முறைக்குள் இவ்வேறுபாட்டுக்கு இடம் எங்கே என்பதைக் கலைத்திட்ட வல்லுநரும் வட்டார வழக்கு ஆய்வாளரும் ஒரே மேசையில் அமர்ந்து பேச வேண்டியிருக்கும்.